மூன்றாம் நாள் யார் கேட்பது?

2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் தாள் தமிழ். அன்று வெளியான கணக்கைப் பார்த்துக் கல்வித்துறையே அதிர்ந்துபோனது. தேர்வுக்குப் பெயர் பதிந்திருந்தவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் வரவே இல்லை. கணக்குத் தாள், இயற்பியல் தாள் என்றால் பயந்து நின்றுவிட்டார்கள் என்று சொல்லலாம். இது மொழித்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி, அதாவது 94.03 சதவீதம். எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி என்று வழக்கமான பேச்சு நடந்தது. அந்தச் சதவீதம் தேர்வுக்கூடத்துக்கு வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. வராத பிள்ளைகளுக்கு அதில் தோற்றவர்கள் என்ற இடம்கூடக் கிடைக்கவில்லை.

அவர்கள் யாரும் அன்று காலையில் திடீரென்று காணாமல் போகவில்லை. 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதாமலே தேர்ச்சி பெற்ற அணி அது. பிளஸ் ஒன்னில் சேர்ந்த பலர் நடுவில் எப்போதோ நின்றுவிட்டார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வராதவர்களைக் கண்டுபிடித்துத் துணைத்தேர்வாவது எழுதவைக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, அந்த வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றோரும் ஊர்க்காரர்களும் உட்காரும் குழு அது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையிடம் எமிஸ் என்ற கணினித் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. அன்றன்றைய வருகையும் அதில் ஏறுகிறது. ஒருவன் வரவில்லை என்பதை எமிஸ் சரியாகச் சொல்லிவிடும். அவன் எந்த டூவீலர் மெக்கானிக் கடையில் நிற்கிறான், அவளை எந்தச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள் என்பதைத் தெருவில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும். அந்தத் தெரு மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நின்னுட்டான்

ஒரு பிள்ளை படிப்பை நிறுத்துவதை ஏதோ ஒரு நாள் எடுத்த முடிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு முடிவை யாரும் எடுப்பதே இல்லை. முதலில் இரண்டு நாள் காய்ச்சல். அடுத்து மாமா வீட்டில் காதுகுத்து. இதற்குள் ரெக்கார்டு நோட்டு முடிக்காமல் கிடக்கிறது, அறிவியல் சார் திட்டுவார் என்று ஒரு பயம். முதல் நாள் லீவு போட்டவனுக்கு மறுநாள் போவது சுலபம். ஒரு வாரம் போகாதவனுக்கு வகுப்புக் கதவு வரைக்கும் நடப்பதே பெரிய காரியம். அந்த நேரம் பார்த்து யாரோ முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் பரிமாறக் கூப்பிடுகிறார்கள், பந்தல் போட ஆள் கேட்கிறார்கள். அன்றைக்கே கையில் காசு. வீட்டில் அரிசி வாங்க அது உதவவும் செய்கிறது. இரண்டு மாதம் கழித்து யாராவது கேட்டால் அம்மா சொல்வது ஒற்றைச் சொல்தான்: “நின்னுட்டான்.” யாரும் நிறுத்தவில்லை.

பெண் பிள்ளைக்குப் பாதை வேறு. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பள்ளிக்குப் போகிற வழியில் எவனோ பின்னால் வருகிறான். அதை வீட்டில் சொன்னால் அவனைக் கண்டிப்பதற்குப் பதில் இவளை நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் சொல்வதில்லை. ஒரு நாள் போனில் யாருடனோ பேசினாள் என்று தெரிகிறது. “போதும் படிச்சது” என்று அப்பா சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு மாப்பிள்ளைப் பேச்சு.

இரண்டு பாதையிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் யாராவது “என்னப்பா, ஸ்கூல் போகலையா?” என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கி, மறுநாள் கூடவே நடந்துபோய் ஆசிரியரிடம் விட்டுவிட்டு வந்தால் பிள்ளை தங்கிவிடும். மாதம் இரண்டு கடந்த பிறகு அதே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் குழு, கூட்டம், அதிகாரி, ஆலோசகர் என்று ஒரு படையே வேண்டும். அப்போதும் வருவான் என்று உறுதியில்லை.

யார் கேட்பது? ஒரே வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் மூன்றாம் நாளே வீட்டுக்கு வர முடிவதில்லை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெற்றோர் விடியும்முன் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியவே ஒரு வாரம் ஆகும். காலை ஒன்பதரை மணிக்குத் தெருவில் இருப்பவர்கள் வேறு. இட்லிக்கடை ஆயா, அங்கன்வாடிப் பணியாளர், வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அண்ணன், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் ஆட்டோக்காரர். சீருடை போடாமல் கடைக்கு வரும் பையனை முதலில் பார்ப்பது இவர்கள்தான். பார்த்தும் “நமக்கென்ன” என்று இருப்பவர்கள் உண்டு. கேட்பவர்களும் உண்டு. அந்த இரண்டு வகைத் தெருக்களில் எதில் பிறக்கிறோம் என்பது ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஆராய்ச்சியாளர்களும் வேறு வழியில் நடந்து இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தம் குழுவோடு நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத சண்டை என்று எல்லா இடரும் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகப் படித்து, வேலை பார்த்து, அன்புள்ள மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களைத் தாங்கியது எது என்று பார்த்தபோது, நிலையாகப் பற்றிக்கொள்ளக் குறைந்தது ஒரு பெரியவர் இருந்தது தெரியவந்தது. எல்லோருக்கும் அது அம்மாவோ அப்பாவோ இல்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என யாராகவும் இருந்தார்கள்.

மாலை ஐந்து மணி அக்கா

தமிழ்நாடு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒரு காலம் சமீபத்தில்தான் கடந்தது. கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது. மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், மரத்தடி, சொந்த வீட்டு வாசல் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம் வேண்டும். மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பட்டம் வாங்கிவிட்டுத் திருமணமாகி வீட்டில் இருந்தவர்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள், கல்லூரி மாணவிகள்.

இதை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அளந்து பார்த்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதற்கு முன்பே மும்பையிலும் வடோதராவிலும், பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்களை வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்த ‘பால்சகி’ முயற்சியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் அதை வெளியிட்டார்கள்.

ஆனால் மதிப்பெண்ணில் அளக்க முடியாத ஒன்றும் அந்த வகுப்புகளில் நடந்தது. அந்த அக்கா பிள்ளையின் தெருவிலேயே இருப்பவர். தண்ணீர் லாரி வரும்போது பிள்ளையின் அம்மாவோடு வரிசையில் நிற்பவர். யார் வீட்டில் நேற்று சண்டை, யார் வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். “சாயங்காலம் ஏன் வரலை?” என்று அவர் கேட்கும்போது அது அதிகாரியின் விசாரணையாக ஒலிப்பதில்லை. பல குடும்பங்களில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த முதல் பட்டதாரியே அவர்தான். படித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நம்ம தெருவில், நம்மைப் போன்ற வீட்டில் இருந்துகொண்டே ஒருத்தி படித்து முடித்திருக்கிறாள்.

எனக்கு இதில் ஒரு பெரிய குறை தெரிகிறது. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. பின்னாளில் மையங்களும் குறைந்தன. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் பதினான்கு வயதோடு முடிகிறது. எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் அதுவரை பிள்ளை எப்படியும் நகர்ந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை முதன்முறையாகத் தோற்கிறது. மீசை அரும்புகிற வயதில் வகுப்பு நடுவில் நிற்க வெட்கப்படுகிறது. கூலி வேலைக்கு உடம்பும் தேறிவிடுகிறது. ஆள் மிகவும் தேவைப்படுகிற அந்த வயதில் மாலை ஐந்து மணி அக்கா இல்லை. பத்தாவது படிக்கிற பையன்களுக்குத் தெருவுக்கு ஒருவரை, அவர்கள் பேச்சைக் கேட்கக்கூடிய ஓர் அண்ணனையோ அக்காவையோ, அமர்த்துவதற்கு அரசு செலவழித்தால் அதைவிட நல்ல செலவு இருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனையும் இல்லை. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை ஊரார்தான் ஏற்றார்கள். அரிசியும் காய்கறியும் விறகும் வீடுகளிலிருந்து வந்தன. அதே பத்தாண்டின் இறுதியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று அவரவரால் ஆனதை மக்கள் கொடுத்தார்கள். பள்ளி ‘நம்ம ஊர்ப் பள்ளி’ என்று ஆனது அப்படித்தான். அந்த உரிமையுணர்வு இருந்த ஊரில், பள்ளி நேரத்தில் மாடு மேய்க்கும் பையனைப் பார்த்தால் வழிப்போக்கர்கூட அதட்டுவார்.

ஏழு பேரில் ஒருவர் குறைந்தால்

தெருவை ஒரேயடியாகத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நன்றாகவே பார்த்திருக்கிறது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அது இன்னும் வேகமெடுத்தது. பல முறை கல்வியாண்டின் நடுவிலேயே வீடு மாற வேண்டியிருந்தது. பழைய பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். புதிய பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழ் வேண்டும். இந்த இழப்புகளை யாராவது எழுதியிருப்பார்கள், பேசியிருப்பார்கள். ஒரே தளத்தில் வீடு ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் புதியவர்கள் என்பது அதிகம் பேசப்படவில்லை. பழைய குப்பத்தில் அந்தப் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து பார்த்த ஆயா இன்னொரு பிளாக்கில் மேல்மாடியில் இருக்கிறார். லிஃப்ட் ஓடாத நாளில் அவர் கீழே வருவதே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கடந்துபோகிறவருக்குத் தெரியாது, அதனால் கேட்பதில்லை. வீட்டின் சதுர அடியைக் கணக்கிட்டவர்கள், அந்தக் கேள்வி கேட்கும் வலையை அறுத்தால் ஆகும் நஷ்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படி அறுந்துபோன இடத்திலும் மறுபடி கட்டியவர்கள் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். ‘கண்ணகி நகர்’ என்ற பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் நகரம் அன்று அந்தப் பெயரைப் பெருமையோடு உச்சரித்தது. அந்த வெற்றிக்குப் பின்னால், தங்கள் பகுதிப் பெண் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் மைதானத்துக்கு வரவைத்த உள்ளூர்ப் பயிற்சியாளர்களின் உழைப்பு இருக்கிறது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது மெடல் மட்டும் இல்லை. கபடிக் களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். ஐம்பது பேர் வகுப்பில் ஒருத்தி வராவிட்டால் அது பதிவேட்டில் ஒரு குறி; ஏழு பேரில் ஒருத்தி வராவிட்டால் அன்றைய ஆட்டமே தடுமாறும். அதனால் அன்று மாலையே தோழிகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பயிற்சியாளர் அப்பாவிடம் பேசுவார். வடசென்னையின் கேரம் கிளப், பாக்ஸிங் கூடம், கிராமத்து வாலிபால் டீம், பறை கற்றுத்தரும் குழு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம், அம்பேத்கர் பெயரில் சேரிகளில் நடக்கும் இரவுப் பாடசாலை என எல்லாமே இந்த வகையில் பள்ளிக்குத் துணை. ஒரு பிள்ளை இல்லாததை அன்றே உணரும் அளவுக்குச் சிறிய கூட்டம் அவை. படிப்பில் பின்தங்கியவனுக்கு வேறு ஏதோ ஒன்றில் மதிப்புக் கிடைக்கிற இடமும் அதுதான். அங்கே மதிக்கப்படுகிறவன் மறுநாள் வகுப்பில் வாங்கும் திட்டைத் தாங்கிக்கொள்கிறான்.

அதே தெருவின் மற்ற பெரியவர்கள்

அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பக்கத்தில் நிற்கவில்லை. பதினைந்து வயதுப் பையனை வேலைக்கு அழைப்பவரும் அதே தெருவில்தான் இருக்கிறார், பெரும்பாலும் சொந்தக்காரராக. அட்வான்ஸ் கொடுத்துக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரி, பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் பெண் பிள்ளைகளை ஏற்றிவிடும் ஏஜென்ட், “நல்ல இடம், விட்டா வராது” என்று பதினாறு வயதுப் பெண்ணுக்கு வரன் கொண்டுவரும் தூரத்து அத்தை. இவர்களும் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். அவர்களோடு பேசி, வேண்டுமானால் சண்டையும் போடத் தெருவில் இன்னொரு பெரியவர் தேவைப்படுகிறார். குழந்தைத் திருமணம் பற்றிக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுவது எளிய காரியம் இல்லை. போட்டவர் யார் என்று தெரிந்தால் உறவே முறியும். தெரிந்தும் போடுகிறவர்கள் இருப்பதால்தான் பல பெண்கள் மறுநாளும் பள்ளி போகிறார்கள்.

சாதி இன்னும் கொடியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டபோதுதான் சக மாணவர்களின் சாதிக் கொடுமை வெளியே வந்தது. புகார் போன இரவே அவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அரிவாளைப் பிடிக்கும் மனதை ஊட்டியதும் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தானே? மாணவர்களிடையே சாதி வன்மத்தைக் களைய என்ன செய்யலாம் என்று ஆராய அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வெட்டுப்பட்ட அந்த மாணவர் சிகிச்சைக்கு நடுவிலும் படிப்பை விடாமல், 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

“ஏன் வரவில்லை?” என்று கேட்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை நாங்குநேரி காட்டுகிறது. உண்மையான பதில் வந்தால் அதைத் தாங்கவும், சொன்ன பிள்ளையைக் காக்கவும் கேட்டவர் தயாராக இருக்க வேண்டும். ஊரும் பள்ளியும் காவல்துறையும் அவர் பின்னால் நிற்க வேண்டும். தனி ஒருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி இந்தச் சுமையை ஏற்றிவைப்பது அநியாயம்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவரோடு நின்றவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் மூலம் செய்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இருளர் பிள்ளைகளுக்குப் பத்தாவது, பிளஸ் டூ தாண்டியதும் சாதிச் சான்றிதழ் என்ற சுவர் வந்து நிற்கும். மற்றவர்களுக்குத் தாசில்தார் அளவில் கிடைக்கிற சான்றிதழ், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லை என்றால் விசாரணை மேல் விசாரணை. செங்கல் சூளையில் ஒரு நாள் கூலியை விட்டு வந்து அலுவலக வராந்தாவில் நின்றுவிட்டு, நாளை வா என்ற பதிலோடு திரும்புகிற அப்பா எத்தனை முறை வருவார்? அந்தச் சங்கத்தாரைப் போலக் கூட ஒருவர் வந்து, மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அடுத்த முறையும் வந்தால் காரியம் நடக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சூளை வேலை வெயில் காலத்து வேலை. பொதுத்தேர்வும் வெயில் காலத்தில்தான் வருகிறது. குடும்பம் சூளைக்குப் போன பின்னும் பிள்ளை ஊரில் இருந்து தேர்வெழுத, ஒரு பாட்டி வீடோ, விடுதியோ, பக்கத்து வீட்டுத் திண்ணையோ வேண்டும். அந்த ஏற்பாட்டை ஜனவரியிலேயே பேசி முடிக்க ஓர் ஆள் வேண்டும்.

திட்டம் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்ப்பது?

தமிழ்நாட்டில் படிக்கிற பிள்ளைக்கான திட்டங்களுக்குக் குறைவில்லை. காலை உணவு, மதிய உணவு, பஸ் பாஸ், புத்தகம், மேல்நிலை வகுப்பில் சைக்கிள், சமூகநீதி விடுதிகள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில். இவை உண்மையிலேயே பெரிய காரியங்கள். “பிளஸ் டூ முடிச்சிட்டா மாசம் ஆயிரம் ரூபா வரும்ல” என்று ஒரு பாட்டி பேத்திக்காக வாதாட முடிகிறதே, அதுவே ஒரு மாற்றம். ஆனால் வங்கிக் கணக்கில் ஒரு எழுத்துப் பிழை, ஆதாரில் பிறந்த தேதி வேறு, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எங்கே எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றால் அதே திட்டம் வாசலோடு நின்றுவிடும். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து சரிசெய்து தருகிற அக்காவுக்கு எந்த அரசாணையிலும் பெயர் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயரும் இடமும் கொடுக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2024-இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்தார்கள். நல்ல முடிவு. அந்த ஊரில் அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்தவரைவிட, இப்போது படிக்கிறவனின் தயக்கம் புரிந்தவர் யார்? குறை என்னவென்றால், பல ஊர்களில் கூட்டம் என்றால் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி பேசி முடிக்கவே நேரம் போதவில்லை. இந்த மாதம் தொடர்ந்து வராத பிள்ளைகள் யார் யார், அவரவர் வீட்டுக்கு யார் போவது என்பதை முதல் பொருளாக வைத்தால் போதும். போகிறவருக்குப் பஸ் செலவும் போன் செலவும் கொடுக்க வேண்டும். அன்பு இலவசம்தான், அதற்காக ஒருத்தியின் மாலை நேரத்தையும் இலவசமாக எடுத்துக்கொள்வது சரியில்லை.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. வாசகர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு குறிப்பிட்ட காலமும் இருக்கிறது. மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த பின் முதல் சில நாட்கள். தேர்ச்சி பெற்ற வீட்டில் கேசரி கிளறுவார்கள். தவறிய வீட்டில் கதவு சாத்தியிருக்கும். அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். “ஏன் ஃபெயில் ஆனே?” என்று கேட்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். “எந்தப் பாடம்?” என்று கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரு பாடத்தில் தவறினாலும் ஐந்தையும் மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். ஒரு வருடம் வீண் என்று நினைக்கிறார்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். அந்த நாட்களில்தான் பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும், அப்பா கோபத்தில் பேசாமல் இருப்பார். பள்ளிக்கு நீங்கள் கூட்டிப்போங்கள். கட்டணம் பெரிய தொகை இல்லை. கணக்கு என்றால் தெருவில் கணக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் பேசி மாலையில் உட்காரவையுங்கள். 35 மதிப்பெண் எடுக்க எந்தெந்தப் பாடம் போதும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை பேச்சே இல்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் 104-க்குப் போன் போட்டுக் கொடுங்கள், ஆலோசகர் பேசுவார். பள்ளி சார்ந்த சந்தேகங்களுக்கு 14417. ஹால் டிக்கெட்டை வாங்கி, தேர்வு மையம் எந்த ஊர், எந்த பஸ் என்று முந்தின நாளே பார்த்து வைத்துவிடுங்கள். தேர்வு நாள் காலையில் அவனை எழுப்பி பஸ் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். துணைத்தேர்வில் தேறிய பிள்ளை அதே ஆண்டே பிளஸ் ஒன்னிலோ, ஐடிஐயிலோ, பாலிடெக்னிக்கிலோ இடம் கேட்கலாம்.